கிட்டார் விட்டுவைக்கும் சுரம்: ஹார்ட் ராக் மேடையில் கோரஸ் எடுபடுமா?

ஒரு ராக் நிகழ்ச்சியில் மிக்ஸருக்குப் பக்கத்தில், ஒலிப்பொறியாளரின் தோளை ஒட்டி நிற்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. மேடையில் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ், நடுவில் பாடகர். வலது ஓரத்தில், சற்று உயர்ந்த பலகைமேல், கோரஸ் பாட மூன்று பெண்கள். பாட்டு உச்சத்தில் இருந்தபோது ஒலிப்பொறியாளர் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் மாட்டினார். "கோரஸ்ல நடுவுல நிக்கிறாங்க பாருங்க, அவங்க மைக் மட்டும் இது. கேளுங்க."

கேட்டேன். முதலில் சிம்பல். அடுத்து கிட்டார். அடுத்து ஸ்னேர் டிரம். அந்தப் பெண் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருடைய குரல் நான்காவதாகத்தான் வந்தது.

ஹார்ட் ராக் குழுவுக்குக் கோரஸ் பொருந்துமா என்று ரசிகர்கள் காலங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். நாலு பேர் வேர்த்து விறுவிறுத்து வாசிக்கிற இசைக்கு எதற்கு இந்த அலங்காரம் என்பது ஒரு கட்சி. ரெக்கார்டில் கேட்ட குரல் அடுக்கு மேடையில் இல்லையென்றால் பாட்டு மொட்டையாக இருக்கிறது என்பது மறு கட்சி. ரசனைச் சண்டை மாதிரி தெரிந்தாலும், விடையில் பாதி கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்புக்குள்ளும் மீதிப் பாதி மைக்குக்குள்ளும் கிடக்கிறது. (பின்னணிப் பாடகர் என்று எழுதினால் தமிழில் சினிமாவுக்குப் பாடுபவர் என்றாகிவிடும். அதனால் கோரஸ் என்றே வைத்துக்கொள்வோம்.)

முதலில் ஆம்ப். கிட்டாரிலிருந்து வரும் மின் அலையை ஆம்ப் தாங்கும் அளவுக்கு மேல் திணித்தால், அலையின் முகடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அதுதான் டிஸ்டார்ஷன். வெட்டுப்பட்ட அலையில், மூல அலையில் இல்லாத அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கும். ஒரே ஒரு சுரம் உள்ளே போனால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்கள் வரும்; கேட்க இனிமையாகவே இருக்கும். இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால்தான் வேடிக்கை. ஆம்ப் அவற்றை ஒன்றோடொன்று கூட்டியும் கழித்தும், மடங்குகளைக் கூட்டியும் கழித்தும், ஒரு கூட்டத்தையே வெளியே அனுப்பும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிட்டாரின் ஐந்தாவது தந்தியை அப்படியே மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். இதைச் சட்ஜம் என்று வைத்துக்கொண்டால், பஞ்சமம் 164.8 ஹெர்ட்ஸ். இந்த இரண்டையும் மட்டும் சேர்த்து மீட்டுவதுதான் ஹார்ட் ராக்கின் உயிர்நாடியான பவர் கார்டு. (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்குத்தான் கார்டு என்று பெயர்.) கழித்தால் 54.8 வருகிறது. இது ஏறக்குறைய அதே சட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரில் அந்தச் சுரத்துக்குத் தந்தியே கிடையாது. ஆம்ப் தானாக உண்டாக்கிக் கொடுக்கிறது. இரண்டே தந்தியில் சுவர் மாதிரி ஒரு ஒலி எழும்புவதன் ரகசியம் இது.

இப்போது நடுவில் காந்தாரத்தையும் சேர்த்து முழு மேஜர் கார்டாக மீட்டுவோம். அது 138.6 ஹெர்ட்ஸ். காந்தாரத்திலிருந்து சட்ஜத்தைக் கழித்தால் 28.6. பஞ்சமத்திலிருந்து காந்தாரத்தைக் கழித்தால் 26.2. அடித்தளத்தில் இரண்டு உறுமல்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல், நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் விம்முகின்றன. இது முதல் சுற்றுக் கழித்தல் மட்டும். மடங்குகளும் கூட்டில் சேர்ந்தால் சேறாகிவிடும்.

குற்றம் காந்தாரத்தின்மீது இல்லை. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியதில், பஞ்சமம் இயல்பான இடத்திலிருந்து 2 சென்ட்தான் விலகியது. காந்தாரம் 14 சென்ட் விலகிவிட்டது. (அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்.) சுத்தமான கிட்டார் ஒலியில் 14 சென்ட் யாருக்கும் உறுத்தாது. டிஸ்டார்ஷன் அதைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டிக்கொடுக்கும். அதனால் கிட்டார்க்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டார்கள். காதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கணக்கு பிறகு வந்தது.

ஆனால் பாட்டு வெளிச்சமா இருட்டா, மேஜரா மைனரா என்று முடிவு செய்வதே அந்தக் காந்தாரம்தான். பவர் கார்டில் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

அதில் உட்காரக் குரலால் முடியும். கோரஸ்காரரின் குரல் கிட்டார் ஆம்புக்குள் நுழைவதில்லை. தனி மைக், தனி வழி. கிட்டாரோடு அது சந்திப்பது காற்றில். காற்றில் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுமே தவிர, ஆம்புக்குள் நடப்பதுபோல் குட்டி போடாது. (காதுக்குள் கொஞ்சம் போடும். ஆம்போடு ஒப்பிட்டால் அது சொற்பம்.) ஒரே கிட்டாரில் சேறாகும் அதே மூன்று சுரங்கள், ஒன்று குரலுக்கு மாறியதும் தெளிந்துவிடுகின்றன. இரண்டு கிட்டார்கள் தனித்தனி ஆம்பில் ஆளுக்கொரு சுரம் வாசித்தாலும் இதே பலன் கிடைக்கும். தின் லிஸ்ஸி, அயர்ன் மெய்டன் குழுக்களின் இரட்டைக் கிட்டார் வரிகள் அப்படி நிற்பவைதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிப் பாருங்கள்: 110உம் 164.8உம் சேர்ந்தால் 274.8 ஹெர்ட்ஸ். அது அடுத்த ஸ்தாயியின் காந்தாரம்! யாரும் மீட்டாத காந்தாரத்தை ஆம்ப் தானே மெல்ல முணுமுணுக்கிறது. கீபோர்டில் அந்தச் சுரத்தை அழுத்தினால் 277.2 ஹெர்ட்ஸ் வரும். ஆம்பின் முணுமுணுப்போடு மோதி விம்மும். கீபோர்டால் இறங்கிவர முடியாது. பாடகரால் முடியும். நல்ல காது உள்ளவர் தன்னையறியாமல் கொஞ்சம் இறங்கி அதோடு ஒட்டிக்கொள்வார். மேஜர் பாடல்களின் பல்லவியில் குரல் அடுக்கு கேட்ட மாத்திரத்தில் மயிர்க்கூச்செறிவது இந்த ஒட்டுதலால்தான் என்பது என் ஊகம்.

மைனர் பாடலில் கதை வேறு. அங்கே குரல் எடுக்கவேண்டிய காந்தாரம் 261.6 ஹெர்ட்ஸ். ஆம்போ இன்னும் 274.8ஐத்தான் முணுமுணுக்கும். நொடிக்கு 13 என்ற வேகத்தில் உரசல். இருண்ட பாட்டுக்கு அந்த உரசலே அழகு என்று சொல்லலாம். ஆனால் மூன்று பேர் நீட்டி நின்று பாடினால் குழுவே சுருதி விலகியதுபோல் தோன்றும் அபாயம் உண்டு. சாமர்த்தியமான குழுக்கள் இம்மாதிரி இடங்களில் கோரஸை ஒரே சுரத்தில் கத்தவிட்டுவிடுகின்றன.

சத்தம் கூடும் என்பதற்காகக் கோரஸ் வைப்பதில் அர்த்தமில்லை. ஒரே வலுவுள்ள இரண்டு குரல் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். மூன்று சேர்ந்தால் 4.8, நான்கு சேர்ந்தால் 6. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்துப் பேரைக் கூட்டிவர வேண்டும். அதைவிட மிக்ஸரில் ஒலியளவை ஏற்றும் ஃபேடரைத் தள்ளுவது சுலபம். பல குரல் தருவது கனம். இரண்டு பேர் ஒரே சுரத்தை எடுத்தாலும் சில சென்ட் ஏறி இறங்குவார்கள், சில மில்லிநொடி முன்பின்னாக வருவார்கள். அந்தச் சிறு பிசகுகளைக் காது தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே பெரிய குரலாகக் கட்டிவிடுகிறது. 1966இல் பீட்டில்ஸ் குழுவுக்காக ஆபி ரோடு ஸ்டூடியோவின் கென் டவுன்சென்ட் ஒரே குரலை டேப்பில் லேசாகத் தாமதப்படுத்தி இரட்டிப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதில் செயற்கையாகச் செய்ததும் இந்தப் பிசகைத்தான்.

சரி, இவ்வளவு நன்மை இருந்தும் அந்த ஹெட்ஃபோனில் சிம்பல் ஏன் முதலில் வந்தது?

மேடையில் பாடுபவர் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார். அவர் கையிலுள்ள மைக் அவர் வாயைப் பார்க்கிறது. அப்படியென்றால் மைக்கின் முகம் மேடையின் பின்பக்கம், நேராக டிரம்ஸையும் ஆம்புகளையும் நோக்கி இருக்கிறது. மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்க ஒலியை வாங்கிப் பின்பக்க ஒலியைத் தள்ளும் வகை. 1966இல் வந்து இன்றுவரை மேடைகளை ஆளும் ஷூர் எஸ்எம்58 அப்படிப்பட்டதுதான். ஆனால் இங்கே தள்ளவேண்டிய சத்தமே முன்பக்கம்! டிரம்ஸுக்கும் மைக்குக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு பாடகரின் தலை.

முதன்மைப் பாடகர் மைக்கைக் கடித்துத் தின்பதுபோல் பிடிப்பதில் ஸ்டைலும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். 5 சென்டிமீட்டரில் பாடியவர் ஆடிக்கொண்டே 20 சென்டிமீட்டருக்கு விலகினால் 12 டெசிபல் போய்விடும். அதை ஈடுகட்ட ஃபேடரை ஏற்றினால் சிம்பலும் 12 டெசிபல் ஏறும். கோரஸ்காரர்கள் கைதட்டி, தோளசைத்து, ஸ்டாண்டு மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றால், கண்ணுக்கு அழகு. மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி.

அதோடு, திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து கீச்சென்று கூவாமல் ஒலியை ஏற்றக்கூடிய எல்லை 3 டெசிபல் சுருங்கும். ஒரு மைக் நான்கானால் 6 டெசிபல் இழப்பு. மூன்று கோரஸ் குரல் சம்பாதித்துக் கொடுத்ததை மூன்று திறந்த மைக் வாங்கிக்கொண்டு போகிறது. பாடாத நேரத்தில் மைக்கை மூடிவைப்பது அதனால்தான் ஒலிப்பொறியாளருக்கு உயிர்மூச்சு. மைக்முன் ஆள் நிற்கிறாரா என்று அகச்சிவப்புக் கதிரால் பார்த்துத் தானே திறந்து மூடும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. கோரஸ் பலகையை மேடையின் பின்னோக்கி, டிரம்ஸுக்கு இணையாகத் தள்ளிப்போட்டால் மைக்கின் முகம் வெறும் திரையைப் பார்க்கும். அலங்காரத்துக்காகப் பின்னால் நிறுத்துகிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடுபவருக்குத் தன் குரல் கேட்காத சிக்கல் வேறு. சுற்றுச் சத்தம் ஏறினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் விவரித்த விளைவு இது. உயர்த்திய குரலில் சுருதி கெடும். மென்மையாகக் காந்தாரத்தில் ஒட்டவேண்டியவர் கத்திக்கொண்டிருப்பார். மேடையில் இருப்பவர் தன் ஒலியைக் கேட்க உதவும் ஸ்பீக்கருக்கு மானிட்டர் என்று பெயர். 1995இல், வான் ஹேலன் குழுவின் மானிட்டர் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருத்தும் மானிட்டர் ஒன்றைச் செய்தார். காதடைப்பானும் ஸ்பீக்கரும் ஒன்றாகச் சேர்ந்த அந்தச் சாதனம் பிறகு பெரிய மேடைகளில் பரவியது. நுணுக்கமான குரல் அடுக்கை இரைச்சலான மேடையில் நம்பிப் பாட அது வழி செய்தது. வான் ஹேலனில் உச்சஸ்தாயித் துணைக்குரல் கொடுத்தவர் தனிப் பாடகர் இல்லை, பேஸ் வாசித்த மைக்கேல் ஆண்டனி என்பது இன்னொரு சங்கதி.

எழுத்துகளும் இங்கே விளையாடும். மூன்று பேர் ஒரே 'ஸ்' ஒலியை மூன்று வெவ்வேறு கணத்தில் முடித்தால், அது பாம்புக்கூடை மாதிரி கேட்கும். பழகிய கோரஸ்காரர்கள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிட்டு, அதை முதன்மைப் பாடகரிடம் விட்டுவிடுவார்கள். 'ஆ', 'ஓ' என்று உயிரெழுத்திலேயே நிற்பதும் இதனால்தான்: சொல் புரியவேண்டிய கட்டாயம் இல்லை, கிட்டார் இரைச்சலில் மெய்யெழுத்து தொலைந்தாலும் நஷ்டமில்லை.

ஏசி/டிசி குழுவில் மால்கம் யங் இருந்த காலத்தில், கிட்டார் வாசித்த அவரும் பேஸ் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸும் டிரம்ஸ் ஓரத்தில் நின்று வாசிப்பார்கள். பல்லவி வந்ததும் மைக்குக்கு நடந்துவந்து ஒரே சுரத்தில் கத்திவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதில் காந்தாரமும் இல்லை, நுணுக்கமும் இல்லை. ஆனால் கேட்பவருக்குக் கூட்டமே பாடுவதுபோல் இருக்கும். குவீன் எதிர்த்துருவம். 1975இல் வந்த 'போஹீமியன் ராப்சொடி'யின் ஓபரா பகுதியை மேடையில் பாடவே அவர்கள் முயலவில்லை. டேப்பை ஓடவிட்டு மேடையைவிட்டு இறங்கிவிட்டு, ராக் பகுதிக்குத் திரும்பி வந்தார்கள். நேர்மையான முடிவு என்பேன். கன்ஸ் அண்ட் ரோசஸ் 1991-93 சுற்றுப்பயணத்தில் பெண் கோரஸையும் ஊதுகருவிக் குழுவையும் சேர்த்துக்கொண்டது. பியானோவை நடுவில் வைத்த நீண்ட பாடல்களுக்கு அது பொருத்தம். ஒரே கிட்டார் வரி (ரிஃப்) திரும்பத் திரும்ப ஓடும் வேகமான பாடல்களில், என் காதுக்கு, இடமில்லாத பேருந்தில் ஏறியவர்கள் மாதிரிதான்.

அன்று மிக்ஸர் பக்கத்தில் கடைசியாகக் கேட்ட பாட்டில், நடுப்பகுதி வந்ததும் கிட்டார்க்காரர் தன் வால்யூம் குமிழைத் திருப்பிக் குறைத்தார். டிஸ்டார்ஷன் வடிந்தது. விரல்களை விரித்து, காந்தாரம் உட்பட மூன்று சுரமும் உள்ள முழு கார்டை அவர் மீட்ட, அது கண்ணாடி மாதிரி ஒலித்தது. கோரஸ் பெண்கள் மூவரும் மைக்கிலிருந்து தள்ளி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிப்பொறியாளர் மூன்று மியூட் பொத்தான்கள்மேல் மூன்று விரல் வைத்தபடி கிட்டார்க்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழ் மறுபடி ஏறியது, கார்டு சுருங்கி வெறும் ச-ப ஆனது, அவருடைய மூன்று விரலும் ஒன்றாக இறங்கின.