குழந்தை எடுத்துக்கொள்வதும் தாய் ஈடுகட்டுவதும்

பிரசவம் ஆன அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் எல்லார் கண்ணும் குழந்தை மேல்தான் இருக்கும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய உறுப்பு அது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக, அரைக் கிலோ எடையில், கருஞ்சிவப்பாக இருக்கும். ஒரு பக்கம் வழவழவென்று, நடுவில் தொப்புள்கொடி முளைத்து, அதிலிருந்து ரத்தக்குழாய்கள் வேர் ஓடியதுபோல் பரவியிருக்கும். மறுபக்கம் சொரசொரப்பாக, திட்டுத் திட்டாக இருக்கும். அந்தச் சொரசொரப்பான பக்கம்தான் இத்தனை மாதமும் கருப்பைச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே மயிரிழை போன்ற விரல்கள் கிளை கிளையாகப் பிரிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும், ஒரு சின்ன அறையின் தரை அளவு. விரல்களுக்கு உள்ளே ஓடுவது குழந்தையின் ரத்தம். வெளியே அவற்றை நனைத்துக்கொண்டு போவது தாயின் ரத்தம். கடைசி மாதங்களில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் தாயின் ரத்தம் இங்கே வந்து திரும்புகிறது. ஆனாலும் இரண்டும் கலப்பதில்லை. நடுவில் மெல்லிய ஒரு சவ்வு. தாய் சாப்பிட்டதில் எது குழந்தைக்குப் போனாலும் அந்தச் சவ்வைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு சத்துக்கும் அதில் ஒரு தனி வாசல் இருக்கிறது. சர்க்கரை, தாயின் ரத்தத்தில் அதிகமாகவும் குழந்தையின் ரத்தத்தில் குறைவாகவும் இருப்பதால், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்குவதுபோல் தானாகவே போகும். புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்கள் அப்படி இல்லை. அவற்றை நஞ்சுக்கொடி ஆற்றல் செலவழித்து இறைக்கிறது, அதனால் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அவை அதிகம். கால்சியத்துக்கும் இதே கதைதான். இரும்பைச் சுமந்து வரும் புரதத்தைப் பிடித்து இழுக்கவே அந்தச் சவ்வில் கொக்கிகள் இருக்கின்றன.

நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி கருமுட்டையிலிருந்தே வளர்ந்தது. அது குழந்தையின் உறுப்பு, குழந்தைக்காகவே வேலை செய்கிறது. கர்ப்ப கால உணவைப் பற்றி யோசிக்கும்போது நான் ஒவ்வொரு சத்தையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். தட்டில் இது குறைந்தால் யாருக்கு இழப்பு, தாய்க்கா குழந்தைக்கா? பதில் சத்துக்குச் சத்து மாறும். அது புரிந்துவிட்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் அளவு. இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே கர்ப்பிணியின் தட்டை நிரப்புகிறோம். முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி என்று ஏறக்குறைய எதுவுமே தேவையில்லை. அடுத்த மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 340, கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450 கலோரி. அதாவது கடைசி மாதங்களில்கூட ஒரு வேளைச் சிற்றுண்டி கூடினால் போதும். ஆனால் இரும்பும் அயோடினும் ஃபோலேட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். சாப்பாட்டின் அளவு கொஞ்சம்தான் கூடுகிறது, அதிலிருக்கும் சத்து நிறையக் கூட வேண்டியிருக்கிறது. சிரமம் எல்லாம் இங்கேதான். வெறும் மாவுப்பண்டத்தாலும் இனிப்பாலும் அந்த 450 கலோரியை நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமே இருக்காது. போதாததற்கு, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குச் சர்க்கரை மிச்சமாகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. சிலருக்கு அது எல்லை மீறிப்போய் கர்ப்பகாலச் சர்க்கரை நோயாகிவிடும். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்வது அதனால்தான்.

சரி, மசக்கையில் எதுவுமே உள்ளே தங்காதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதை: முதல் பத்து வாரம் வரை தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் முழுதாகப் பாய ஆரம்பிப்பதே இல்லை. அதுவரை கருப்பைச் சுவரில் உள்ள சுரப்பிகள் ஊற வைக்கும் சத்துநீரைக் குடித்துத்தான் கரு வளர்கிறது. அந்த வயதில் கருவின் எடை சில கிராம்தான், அதன் தேவையும் மிகச் சிறியது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதற்காகக் குழந்தை பட்டினி கிடக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பிடித்ததைச் சாப்பிட்டால் போதும். தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து, எடையும் இறங்கினால் அது வேறு விஷயம், அப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன்தான் இந்தக் குமட்டலுக்கு முக்கியக் காரணம் என்று காட்டியது. அந்த ஹார்மோன் கர்ப்பத்துக்கு முன் எந்தப் பெண்ணின் ரத்தத்தில் குறைவாக இருந்ததோ அவளுக்குத்தான் அது திடீரென்று ஏறும்போது பாடு அதிகம். மனப்பிரமை, செல்லம் என்றெல்லாம் பெண்கள் இத்தனை காலம் கேட்ட பேச்சுக்கு அந்த ஆய்வு பதில் சொல்லிவிட்டது.

முதல் வாரங்களில் தவறவிடக்கூடாத சத்து ஒன்று உண்டு, ஃபோலேட். கரு உருவான 28 நாளுக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற ஒரு தட்டையான திசு சுருண்டு குழாயாக மூடிக்கொள்கிறது. செல்கள் அப்போது வெறிகொண்டு பெருகும். பெருக டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. செய்ய ஃபோலேட் வேண்டும். குறைந்தால் அந்தக் குழாய் எங்காவது மூடாமல் நின்றுவிடலாம். இங்கே இழப்பு குழந்தைக்கு, அதுவும் திருப்ப முடியாத இழப்பு. 28 நாள் என்றால் மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே உறுதியாகியிருக்காது. ஆகவே ஃபோலிக் அமிலம் எனப்படும் ஃபோலேட் மாத்திரையைக் கரு தரிக்கும் முன்பே, தினம் 400 மைக்ரோகிராம் அளவில், தொடங்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இந்தக் குறையோடு குழந்தை பிறந்த பெண்களிடம் ஃபோலிக் அமிலத்தைக் கூடிய அளவில் கொடுத்துச் சோதித்தபோது, மறுபடி அப்படிப் பிறப்பது 72 சதவீதம் குறைந்தது. 1991-ல் வெளியான அந்த முடிவுதான் உலகின் பழக்கத்தையே மாற்றியது. கீரையிலிருந்து 1941-ல் பிரித்தெடுக்கப்பட்டதால், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தச் சத்துக்குப் பெயர் வந்தது. கீரையும் பருப்பும் இன்றும் நல்ல மூலங்கள்தான். ஆனால் சமைக்கும்போது ஃபோலேட் நிறைய வீணாகிவிடும், எனவே மாத்திரைக்கு அவை மாற்றாகாது.

அயோடினும் இந்த வகைதான். குழந்தையின் தைராய்டு நான்காவது, ஐந்தாவது மாதத்தில்தான் சொந்தமாக வேலை செய்யப் பழகும். அதுவரை அதன் மூளை வளர்வது தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பி. நாளுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும். இது மிகச் சின்ன அளவுதான், அயோடின் கலந்த உப்பு அதைப் பெருமளவு பார்த்துக்கொள்ளும்.

இரும்பு வேறு ரகம். அங்கே முதலில் தாய் கொடுக்கிறாள். கர்ப்ப காலம் முழுக்க மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போவது அதில் சுமார் 300 மட்டும்தான். ஏறக்குறைய பாதி, தாயின் ரத்தமே பெருகுவதற்காகச் செலவாகிறது. அவள் உடம்பில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. நீர்ப்பகுதி வேகமாகவும் சிவப்பணுக்கள் மெதுவாகவும் கூடுவதால் ஹீமோகுளோபின் எண் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. (நடு மூன்று மாதத்தில் மட்டும் 10.5 வரை பொறுக்கலாம்.) பல பெண்களின் உடம்பில் கர்ப்பத்துக்கு முன் சேமிப்பாக இருக்கும் இரும்பு 300 மில்லிகிராம்கூடத் தேறாது. உடம்பும் சும்மா இருப்பதில்லை. குடலில் இரும்பு நுழையும் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. கதவு அகலத் திறந்து, உறிஞ்சும் அளவு பல மடங்கு ஏறும். அப்படியும் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாமல் போவதால்தான், தினம் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு தட்டுப் பருப்பும் கீரையும் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செடிகளில் உள்ள இரும்பு குடலில் எளிதில் கரையாது. அருகில் வைட்டமின் சி இருந்தால் அது இரும்பைப் பிடித்து, கரைகிற வடிவத்துக்கு மாற்றி, குடல் செல்லின் வாசல்வரை கொண்டுபோய் விடும். அதே தட்டில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலே வித்தியாசம் உண்டு. சாப்பிட்ட கையோடு ஒரு கப் தேநீர் குடித்தால்? தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்போடு ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும், உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் தீர்ந்தது. இறைச்சியில் இருக்கும் இரும்புக்கு இந்தப் பிரச்சினை குறைவு, அது தன் கூட்டோடு அப்படியே உள்ளே போகும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள், கால்சியம் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வகை இரும்பு இருக்கிறது.

தவிர்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மது ஒரு சொட்டும் வேண்டாம், அது சவ்வைத் தடையில்லாமல் தாண்டும். காய்ச்சாத பாலும் அரைவேக்காட்டு இறைச்சியும் வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்கூடப் பெருகும், தாய்க்கு லேசான காய்ச்சல்போல் வந்துபோகும், குழந்தையின் உயிரையே எடுத்துவிடலாம். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். சின்ன, கொழுப்புள்ள மீன்களோ வாரம் இரண்டு முறை சாப்பிட வேண்டியவை, குழந்தையின் மூளைக்கு வேண்டிய டி.ஹெச்.ஏ. கொழுப்பு அவற்றில் இருக்கிறது. ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருப்பதால் கர்ப்ப காலத்தில் ஒதுக்கி வைப்பதே நல்லது. காஃபின் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும்.

அப்புறம் குழந்தை பிறந்துவிடுகிறது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் ரத்தமும் குழந்தைக்குள் போய்விடும். அந்த ரத்தத்தில் இருக்கும் இரும்பு முக்கியம். ஏனென்றால் தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் கீழே. தாய் எத்தனை மாத்திரை போட்டாலும் அது ஏறாது. வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்பை வைத்துத்தான் குழந்தை முதல் ஆறு மாதத்தை ஓட்டுகிறது.

பாலின் கணக்கு சுவாரசியமானது. முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளுக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும், அதில் ஏறக்குறைய 500 கலோரி. கர்ப்பத்தின் எந்த மாதத்தையும்விடப் பாலூட்டும் மாதங்களில்தான் தாய்க்குப் பசி அதிகம், அது நியாயமான பசி. பாலின் புரதம், சர்க்கரை, கால்சியம் எல்லாம் தாய் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் அநேகமாக மாறாமல் வரும். கொழுப்பின் அளவும் அப்படித்தான், கொழுப்பின் வகை மட்டும் அவள் சாப்பிட்டதைப் பொறுத்து மாறும். ஆனால் பி12, பி1, வைட்டமின் ஏ, அயோடின் இவை தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும். பால், முட்டை, இறைச்சி எதையுமே தொடாத தாய் பி12 மாத்திரையை விடவே கூடாது. அவளுக்கு எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கும்போதே குழந்தையின் நரம்புகள் பாதிக்கப்படலாம். வைட்டமின் டி தாய்ப்பாலில் எப்போதுமே குறைவு என்பதால் அதைக் குழந்தைக்குச் சொட்டு மருந்தாகவே கொடுக்கிறார்கள்.

பால் போதவில்லையோ என்ற கவலை வராத தாய் இல்லை. பாலின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சாப்பாடு அல்ல, மார்பு எவ்வளவு காலியாகிறது என்பதுதான். பால் தேங்கினால் சுரப்பைக் குறை என்று உள்ளேயே செய்தி போகும், காலியானால் வேகம் கூடும். வற்புறுத்தித் தண்ணீர் குடிப்பதால் பால் கூடாது. குழந்தை வாய் வைத்துச் சிறிது நேரத்தில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும்போது பல பெண்களுக்குத் தொண்டை வறண்டு தாகம் எடுக்கும், கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தால் போதும். தாய் சாப்பிட்டதன் வாசனையும் பாலில் இறங்குகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும்போதோ தாய் கேரட் சாறு குடித்துவந்தால், பின்னால் கேரட் கலந்த உணவைக் குழந்தை முகம் சுளிக்காமல் சாப்பிட்டதை 2001-ல் ஓர் ஆய்வு காட்டியது.

கடைசியாகக் கால்சியம். குழந்தையின் எலும்புக்கூட்டில் பிறக்கும்போது சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும், அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் போய்ச் சேர்வது. அந்த மாதங்களில் தாயின் குடல் இரு மடங்கு உறிஞ்சிச் சமாளித்துவிடும். பாலூட்டும்போது உடம்பு வேறு வழியில் போகிறது. மார்பே ஒரு செய்திப் புரதத்தை ரத்தத்தில் அனுப்பி, கொஞ்சம் கரைந்து கொடு என்று எலும்பைக் கேட்கிறது. பாலில் தினம் 200 மில்லிகிராமுக்கு மேல் போகிறது. ஆறு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி சில சதவீதம் இறங்கும், எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது. பல்லிலிருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் வருவது ஹார்மோனால், அதற்குப் பல் மருத்துவர்தான் வழி.

பால் மறந்ததும் எலும்பு திரும்ப நிரம்பத் தொடங்குகிறது. பெரும்பாலான பெண்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பழைய அடர்த்தி வந்துவிடும். இரும்புக் கிடங்கு நிரம்ப அதைவிட நாளாகலாம், மாதவிடாய் திரும்பிவிட்டால் இன்னும் மெதுவாகும். அடுத்த கர்ப்பத்துக்கு முன் குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை பிறந்ததும் இரும்பு மாத்திரை அட்டையைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை அது தாய்க்கு வேண்டும்.