பியானோவை 24 பேருக்குப் பிரித்துக் கொடுத்தால்

ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1827-இல் இசையமைத்த ‘விண்டர்ரைசே’ (‘குளிர்காலப் பயணம்’) 24 பாடல்கள் கொண்டது. பாட ஒரு குரலும் ஒரு பியானோவும் போதும். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹான்ஸ் ட்செண்டர் 1993-இல் அதையே டென்னர் எனும் உச்ச ஆண் குரலுக்கும் 24 பேர் கொண்ட சிறு இசைக்குழுவுக்கும் மாற்றி எழுதினார். கிட்டார், அக்கார்டியன், வாயால் ஊதி வாசிக்கும் சிறு விசைப்பலகையான மெலோடிகா, காற்றின் ஓசை எழுப்பும் எந்திரம் என எல்லாம் உண்டு. வெறும் வாத்திய மாற்றம் என்று எண்ணிக் கேட்பவர் முதல் நிமிடத்திலேயே திகைத்துப்போவார்.

பியானோவில் சுத்தியல் தந்தியைத் தொட்ட கணமே ஒலி தேயத் தொடங்கும். முதல் பாடலில் பயணியின் காலடியாகக் கேட்கும் நடைத் தாளமே அந்தத் தேய்மானத்தில்தான் நிற்கிறது. அதே கார்டுகளை, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரங்களை, வயலின்கள் வில்லிழுத்து வாசித்தால் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காலடி கேட்காது. அதனால் ட்செண்டர் வில்லின் மரத்தால் தந்தியைத் தட்டச் சொல்கிறார். மரத்தில் ரோசின் எனும் பிசின் பூசிய மயிர் இல்லை. தந்தியைப் பற்றி இழுக்க அதற்கு வழியில்லை. ‘டக்’ என்ற தட்டல்தான் முன்னே நிற்கும், சுரம் நிழலாகத் தெரியும். அந்தச் சத்தங்களுக்குள்ளிருந்துதான் ஷூபர்ட்டின் மெட்டு மெல்ல உருவாகிறது. விலையுயர்ந்த வில்லின் வார்னிஷ் இதில் கீறிப்போகும் என்பதால், பலர் இதற்கென்றே ஒரு மலிவான வில்லைக் கொண்டுவருவார்கள்.

உண்மையான தலைவலி வேறு. ஊதுவாத்தியக்காரர்கள் வாசித்தபடியே அரங்கில் நடக்கிறார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும்; 20 மீட்டர் தள்ளி நிற்பவரை மேடையின் ஒலி 0.058 விநாடி தாமதமாக எட்டுகிறது. காதை நம்பி அவர் ஊதினால், அந்த ஒலி மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.058. மொத்தம் 0.12 விநாடிப் பிந்தல். நடைத் தாளத்தில் இது அப்பட்டமாக உறுத்தும். இசைக்குழு நடத்துநரின் கோலைப் பார்த்து ஊதினால் பிந்தல் பாதியாகும். கோலுக்கும் ஒரு இம்மி முந்தினால் மேடையில் சரியாக விழும். ஊதுபவருக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கும் ரசிகருக்கு மட்டும் அவர் அவசரப்படுவதாகத்தான் தோன்றும், அதற்கு மருந்து கிடையாது.

சுருதியிலும் கவனம் வேண்டும். அக்கார்டியனில் ஒலியெழுப்பும் உலோக நாக்குகளான ரீடுகளை மேடையில் திருத்த முடியாது. அதன் ‘ஏ’ சுரம் 442 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 442 அதிர்வுகள்) என்றால் எல்லோரும் அதற்கே இணங்க வேண்டும். குளிர்ந்த நடைபாதையில் காத்திருந்த புல்லாங்குழல் 440-க்கு இறங்கிவிட்டால், இரண்டும் சேரும்போது விநாடிக்கு 2 முறை ஒலி ஏறி இறங்கும். உள்ளே வருமுன் துளைகளை மூடிக்கொண்டு, சத்தம் எழாமல் குழலுக்குள் சூடான மூச்சை ஊதிக்கொண்டே இருப்பது வழக்கம்.