குடற்புழு நீக்கம் என்ற சொல்லில் ஒரு சிக்கல்

"பூச்சி மாத்திரை போன மாசம்தான் கொடுத்தோம் டாக்டர்." நாயை மேசைமேல் தூக்கி வைப்பதற்குள்ளேயே இந்தப் பதில் வந்துவிடும். பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் நான் அடுத்துக் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் வராது: "எந்தப் புழுவுக்கு?"

தவறு நாய் வளர்ப்பவர்கள் மேல் மட்டும் இல்லை. தடுப்பூசி அட்டையில் நாங்களே 'குடற்புழு நீக்கம்' என்றுதான் எழுதித் தருகிறோம். புழு என்றால் குடலில் இருப்பது, மாத்திரை போட்டால் மலத்தோடு வந்துவிடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாயைச் சட்டென்று சாகடிக்கக்கூடிய புழுக்களில் இரண்டு, குடலில் குடியிருப்பதே இல்லை.

ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். 14 மாத வயது, துறுதுறுவென்று இருப்பவன். நகம் வெட்டும்போது கொஞ்சம் ஆழமாகப் பட்டுவிட்டது. இது எல்லா மருத்துவருக்கும் நடப்பது. பஞ்சை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். அன்று கால் மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கண்ணின் வெள்ளையில் பொட்டு வைத்ததுபோல் ரத்தக்கட்டு. "எங்கேயாவது இடிச்சிட்டிருப்பான்" என்றார் அவனை வளர்ப்பவர். ரத்தத்தை உறையவிடாத எலி மருந்து எதையாவது தின்றிருப்பானோ என்று எனக்குச் சந்தேகம். வீட்டில் எலி மருந்தே வைப்பதில்லை என்று அடித்துச் சொன்னார்.

அப்போதுதான் பழைய பதிவைப் புரட்டினேன். இரண்டு வாரத்துக்கு முன் இதே நாய் லேசான இருமலோடு வந்திருக்கிறது. தொண்டையில் தொற்று என்று நினைத்து மருந்து கொடுத்து அனுப்பியது நானேதான். இருமல், நிற்காத ரத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் கேட்டேன், "நத்தை கித்தை தின்பானா?" அவர் சிரித்துவிட்டார். "அதுதான் டாக்டர் அவனுக்கு விளையாட்டுச் சாமான். மழை விட்டா புல்தரையை விட்டு வரவே மாட்டான்."

நத்தை, ஓடில்லா நத்தை இரண்டுமே நுரையீரல் புழுவின் லார்வாவை, அதாவது குஞ்சுப்புழுவை, சுமக்கும். தவளையும் சுமக்கலாம். நாய் அவற்றை விழுங்கினால் லார்வா குடற்சுவரைத் துளைத்துக் கிளம்பி, கல்லீரல் வழியாக இதயத்தின் வலப்பக்கம் போய்ச் சேரும். நுரையீரல் புழு என்று பெயரே தவிர, வளர்ந்த புழு வாழ்வது நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள். இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். முட்டைகள் ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிப் பொரிக்கும். குஞ்சுகள் காற்றறைகளைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நாய் இருமி, சளியை விழுங்கும். அவை மலத்தோடு மண்ணுக்கு வரும், அங்கே அடுத்த நத்தை காத்திருக்கும். இவ்வளவு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதம்.

இந்தப் புழு எல்லா நாட்டிலும் இல்லை. பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டதால் 'பிரெஞ்சு இதயப்புழு' என்றும் ஒரு பெயர் உண்டு. இப்போது ஐரோப்பாவில் பரவலாக இருக்கிறது, கனடாவின் கிழக்கு ஓரத்திலும் தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் உண்டா என்று உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே இல்லையென்றாலும், நாயோடு ஊர் மாறும்போது மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

இருமல் வந்தால் சந்தேகப்படலாம். இருமலே இல்லாமல் வருவதுதான் தொல்லை. ரத்தம் உறையும் தன்மையை இந்தப் புழு குலைத்துவிடும்: ஈறில் கசிவு, மூக்கில் ரத்தம், தோலுக்கடியில் காரணமில்லாத கன்றல். மூளையில் கசிந்தால் வலிப்பு வரும், நடை தள்ளாடும். சில நாய்களுக்கு 'முன்ன மாதிரி ஓடுறதில்லை, சீக்கிரம் படுத்துக்குது' என்பதைத் தாண்டி ஒன்றுமே தெரியாது.

மூன்று நாள் மலம் கொண்டுவரச் சொன்னேன். லார்வா தினமும் வெளியேறாது என்பதால்தான் மூன்று நாள். அதை மெல்லிய துணியில் சின்ன மூட்டையாகக் கட்டி, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புனலில் தொங்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். உயிரோடிருக்கும் லார்வாக்கள் நெளிந்து வெளியேறிப் புனலின் அடியில் போய்த் தங்கும். காலையில் அடித்தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். துடிதுடித்துக்கொண்டு மூன்று நான்கு. வால்நுனி வளைந்து, அதில் சின்னதாக ஒரு முள். அந்த வாலைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பொறுமை இல்லாதவர்களுக்குச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ரத்தப் பரிசோதனைப் பட்டையும் இருக்கிறது. ஆனால் தொற்று புதிதாக இருந்தால் அதில் தெரியாமல் போகலாம்.

அவருக்கு அதிர்ச்சி புழுவில் இல்லை, "மாசா மாசம் மாத்திரை கொடுத்தோமே" என்பதில்தான். அவர் கொடுத்தது நாடாப்புழுவுக்கும் உருண்டைப்புழுவுக்குமான மாத்திரை. நல்ல மாத்திரைதான், ஆனால் தமனிக்குள் உட்கார்ந்திருக்கும் புழுவைத் தடுக்கும் வேலை அதனுடையது இல்லை. அதற்கு மருத்துவர் எழுதித் தரும் வேறு மருந்து உண்டு. கழுத்துத் தோலில் விடும் சொட்டு மருந்தாகவோ மாத்திரையாகவோ மாதம் ஒருமுறை. மாதம் என்றால் மாதம்தான், நினைவு வரும்போது அல்ல. கூடவே, இரவு முழுக்க வெளியே கிடக்கும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கடிக்கும் பொம்மைகளையும் உள்ளே எடுத்து வையுங்கள். கட்டைவிரல் நகமளவு நத்தை பொம்மையில் ஒட்டிக்கொண்டிருந்தால் நாயும் கவனிக்காது, நீங்களும் கவனிக்க மாட்டீர்கள்.

குடலில் இல்லாத இன்னொன்று இதயப்புழு. இதற்கு நத்தை வேண்டாம், ஒரு கொசுக்கடி போதும். கடித்து ஆறு மாதத்தில் முழுப்புழுவாகும். பெண்புழு 30 சென்டிமீட்டர் வரை நீளும், ஐந்து முதல் ஏழு ஆண்டு வாழும். கொசு இருக்கும் சூடான பகுதிகளில் நாய் வளர்ப்பவர்கள் நுரையீரல் புழுவைவிட முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். இதயப்புழுவுக்கான மாதாந்தரத் தடுப்பு மருந்து கொசுவை விரட்டாது. கடந்த ஒரு மாதத்தில் உள்ளே புகுந்த லார்வாவைக் கொல்லும், அவ்வளவுதான். அதனால்தான் சில மாதம் விட்டுப்போனால் பரிசோதனை செய்யாமல் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம் என்கிறோம். ரத்தத்தில் ஏற்கெனவே குஞ்சுப்புழுக்கள் நிறைய இருந்து, மருந்தில் அவை ஒரேயடியாகச் செத்தால் நாய் உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். முற்றிய பிறகு சிகிச்சை என்பது முதுகுத் தசையில் ஆழமாகப் போடும் ஊசிகளும், நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் அடக்கி வைப்பதும். ஓடத் துடிக்கும் நாயை அடைத்து வைத்துப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு மாத மருந்தை மறந்ததே இல்லை.

இனி குடலுக்கு வருவோம். இங்கேயும் ஒரே புழு இல்லை. உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடும், பாலிலும் போகும். அதனால் 'குட்டி இன்னும் வெளியவே போகலையே' என்பது காரணமாகாது. இரண்டு வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து, தாய்க்கும் சேர்த்து. கொக்கிப்புழு ரத்தம் குடிக்கும். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்புக்குப் பதில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வால் அடியில் அரிசிமணி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. இதற்கு மாத்திரை கொடுத்து மூன்று வாரத்தில் திரும்பி வருபவர்கள் 'மருந்து சரியில்லை' என்பார்கள். மருந்து சரிதான். தெள்ளுப்பூச்சியைக் கவனிக்கவில்லை. நாய் அரிப்பில் கடித்து விழுங்கும் தெள்ளுப்பூச்சிக்குள்தான் அடுத்த நாடாப்புழு இருக்கிறது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் நாயைத் தள்ளி வைக்கச் சொல்ல மாட்டேன், மலத்தை அன்றன்றே அள்ளச் சொல்வேன். உருண்டைப்புழுவின் முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது, மண்ணில் சில வாரம் பழுக்க வேண்டும். பழுத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், குழந்தையின் கண்வரை போகும். பச்சைக் குடல், ஈரல் தின்னும் நாயிடம் வரும் சிறிய நாடாப்புழு வேறு வகை. அதன் முட்டை வெளியே வரும்போதே தொற்றும், மனிதரின் ஈரலில் நீர்க்கட்டியாக வளரும். அந்த நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருந்து தேவை. சாதாரண வளர்ந்த நாய்க்குக் குடற்புழு மருந்து ஆண்டுக்கு நான்கு முறையாவது.

பூண்டு கொடுத்தால் புழு போகும் என்று இன்னமும் எழுதுகிறார்கள். போகாது; ரத்தச் சிவப்பணுதான் சிதையும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கண்மதிப்பில் போடுவதும் ஆபத்துதான். 'காலி' (Collie) என்ற மேய்ப்பு நாய் இனத்தில் பலவற்றுக்கு அது மூளைக்குள் போய்விடும்.

அந்த 14 மாதக்காரன் பிழைத்தான். மருந்து தொடங்கிய முதல் வாரம் மூச்சு வாங்குவது கூடியது, புழு சாகும்போது அப்படி ஆவதுண்டு, படுக்கவைத்தே பார்த்துக்கொண்டோம். மறு பரிசோதனையில் புனல் தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது.

அடுத்த முறை வரும்போது ஒரே ஒரு உதவி செய்யுங்கள். கடைசியாகக் கொடுத்த மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள், கொடுத்த தேதியை அதன் பின்னால் எழுதி. "வெள்ளையா, நடுவுல கோடு போட்டிருக்கும் டாக்டர்" என்றால், என் அலமாரியில் இருப்பதில் பாதி அப்படித்தான் இருக்கின்றன.