எக்ஸ்பிரஷனிசம்: வெளிப்பாட்டியமா, வெளிப்பாட்டுவாதமா?

லத்தீனில் 'பிரெமெரே' என்றால் அழுத்துதல். 'எக்ஸ்' என்றால் வெளியே. எலுமிச்சையைப் பிழிந்தால் சாறு வருகிறதே, 'எக்ஸ்பிரஷன்' என்ற சொல்லின் அடியில் கிடப்பது அந்தச் செயல்தான். 'இம்பிரஷன்' அதன் உடன்பிறப்பு: உள்ளே அழுத்திப் பதிப்பது. பிரெஞ்சு இம்பிரஷனிஸ்டுகள் கண்ணில் பதிந்த ஒளியை வரைந்தார்கள். அதற்கு எதிர்த்திசையில் போய், மனசுக்குள் இருப்பதை வெளியே தள்ளி வரைந்த ஓவியர்களுக்கு எக்ஸ்பிரஷனிஸ்டுகள் என்றும், அவர்களுடைய கலை இயக்கத்துக்கு எக்ஸ்பிரஷனிசம் என்றும் பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 1911இல் பெர்லின் கண்காட்சி ஒன்றில் இந்தப் பெயரைச் சூட்டியதே பிரான்சிலிருந்து வந்த இளம் ஓவியர்களுக்குத்தான். அப்புறம்தான் அது ஜெர்மானியர்களின் சொத்தானது.

சரி, அவர்களை அழுத்தியது எது? பெருமளவு, நகரம். 1871இல் 8 லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த பெர்லின், ஆலைகள் பெருகப் பெருக 1910இல் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியின் இன்னொரு நகரமான டிரெஸ்டனில் 1905இல் 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கிய நான்கு கட்டடக்கலை மாணவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1911இல் பெர்லினுக்குக் குடிவந்தார். ஏரிக்கரையில் குளிப்பவர்களை வரைந்துகொண்டிருந்த கை தெருவுக்குத் திரும்பியது. பெர்லினின் ஒரு சதுக்கத்தை 1914இல் அவர் வரைந்த 'பொட்ஸ்டாமர் பிளாட்ஸ்' ஓவியத்தில் தெரு பச்சை நிறம். நடுவே வட்டத் திட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கைம்பெண்ணின் கறுப்பு முகத்திரையோடு. சுற்றிலும் கறுப்பு உடுப்பில் ஆண்கள். கத்தியால் சீவியதுபோல் கோடுகள். இத்தனை பேர் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசுவதாகத் தெரியவில்லை. இன்னொரு எக்ஸ்பிரஷனிஸ்டான லுட்விக் மைட்னர் 1912 முதல் வரைந்த நகரங்களிலோ வீடுகளே சரிந்து விழுகின்றன.

தமிழில் 'வெளிப்பாட்டுவாதம்', 'வெளிப்பாட்டியம்' இரண்டும் வழங்குகின்றன. எனக்குப் பின்னதே பிடிக்கிறது; வாதம் என்றதும் வழக்காடுவதும் கைகால் பிடிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இலக்கணத்தில் ஒரு சிக்கல் உண்டு. லத்தீன் சொல்லில் அழுத்துகிற கை இருக்கிறது. அதற்கு நேர் 'வெளிப்படுத்தல்'. 'வெளிப்பாடு' பிறந்தது 'வெளிப்படு' என்ற தன்வினையிலிருந்து, தானாக வெளியே வருவது. பிழை என்று தள்ளிவிடலாமா? 1906இல் 'பாலம்' குழுவின் அறிக்கை, தன்னைப் படைக்கத் தூண்டுவதை நேராக, கலப்பில்லாமல் தருகிற எவரும் தங்களைச் சேர்ந்தவரே என்றது. அடக்க முடியாமல் வருவது என்ற அந்தப் பொருளுக்குத் தன்வினைதான் பொருத்தம். இம்பிரஷனிசத்தைப் 'பதிவியம்' என்று வைத்துக்கொண்டால் ஜோடியும் அமைந்துவிடுகிறது.