டே கேர் அறுவை சிகிச்சை மையம்: திறப்பதற்கு முன் வாங்க வேண்டிய அனுமதிகள்

காலையில் வந்து கண்புரைக்கோ குடலிறக்கத்துக்கோ அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மாலையே வீட்டுக்குப் போய்விடும் நோயாளிகளுக்கானது டே கேர் மையம். தமிழ்நாட்டில் இப்படி ஒன்றைத் திறக்க நினைப்பவர்கள் பலரும் முதலில் கட்டடம், பிறகு கருவிகள், கடைசியில் காகிதங்கள் என்று போகிறார்கள். இந்த வரிசையில் போனால் கட்டாயம் எங்காவது மாட்டிக்கொள்வோம். சில அனுமதிகள் கருவி வாங்குவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை.

முதல் காகிதம், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு. சட்டம் 1997-இலேயே வந்துவிட்டாலும், அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. மாவட்டத்தில் இதைப் பார்ப்பது நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். 'ஜே.டி. ஆபீஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். கிடைத்த சான்றிதழை நோயாளிகள் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். தீயணைப்புத் துறையின் சான்றையும் கட்டட வரைபடம் போடும்போதே மனதில் வையுங்கள். படிக்கட்டின் அகலத்தைக் கட்டி முடித்த பிறகு மாற்ற முடியாது.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அல்ட்ராசவுண்டு. நரம்பைப் பார்த்து மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு மயக்க மருத்துவர் ஒரு சிறிய ஸ்கேன் கருவி கேட்பார். 'நாம்தான் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போவதில்லையே, இதற்கு எதற்குப் பதிவு?' என்று தோன்றும். ஆனால் கருவின் பாலினத்தைக் கண்டறியக்கூடிய கருவி எதுவானாலும், 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் இடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாத இடத்துக்குக் கம்பெனி அதை விற்கவே கூடாது. ஆகவே பதிவு முதலில், கருவி பிறகு. எலும்பு அறுவை சிகிச்சைக்கு சி-ஆர்ம் எக்ஸ்ரே வைப்பதாக இருந்தால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 'ஈ-லோரா' இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை ஊழியர்கள் ஈய அங்கிக்கு உள்ளே, மார்பின் மேல் அணிய வேண்டும். அங்கிக்கு வெளியே குத்திக்கொண்டால், உடம்பில் உண்மையில் எவ்வளவு பட்டது என்பது தெரியாமல் போய்விடும்.

அப்புறம் மருந்து. மயக்கம் கொடுக்கும்போது ஃபென்டானில் என்ற வலிநீக்கி இல்லாமல் பல ஆபரேஷன் தியேட்டர்கள் ஓடாது. மார்பின், ஃபென்டானில் உட்பட ஆறு மருந்துகள் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' பட்டியலில் இருக்கின்றன. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இவற்றை வாங்கி வைக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற அங்கீகாரம் பெற்றால் போதும். இதற்கு நாளாகும் என்பதால், திறப்பு விழா தேதி குறிப்பதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். ஒவ்வொரு ஆம்பூலுக்கும், அதாவது ஊசி மருந்துக் குப்பிக்கும், பதிவேட்டில் கணக்கு இருக்க வேண்டும்.

கழிவுக்கு 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமும், கழிவை எடுத்துச் சென்று சுத்திகரிக்கும் பொது நிலையத்துடன் ஒப்பந்தமும் தேவை. ஒரு குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்த மேஜையைப் பாருங்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சும் வெட்டியெடுத்த திசுவும் மஞ்சள் பையில். கையுறையும் சலைன் டியூபும் சிவப்புப் பையில். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். உடைத்த மருந்துக் கண்ணாடி நீலப் பெட்டியில். மஞ்சள் பையில் உள்ள திசுவையும் பஞ்சையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்தப் பைகளைத் தூக்குகிற துப்புரவுப் பணியாளர் உட்பட ஊழியர்கள் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பயன்படுத்திய ஊசி முதல் நாளே கையில் குத்திவிடலாம். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை என்பதால், ஆள் எடுத்த வாரமே தொடங்கிவிடுவது நல்லது.

கடைசியாக இன்சூரன்ஸ். மருத்துவமனை என்று கணக்கில் வர, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கையும் மற்ற ஊர்களில் 15 படுக்கையும் வேண்டும் என்கிறது பாலிசிகளில் உள்ள பொது வரையறை. டே கேர் மையத்துக்கு இந்தப் படுக்கைக் கணக்கு கிடையாது. தகுதியுள்ள நர்ஸ், பொறுப்பில் ஒரு மருத்துவர், சொந்தமாக முழு வசதியுள்ள ஆபரேஷன் தியேட்டர், தினசரி நோயாளிப் பதிவேடு, இவை நான்கும் இருக்க வேண்டும். சிகிச்சையும் மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ கொடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். வழக்கமாக வெளிநோயாளியாகவே பார்த்து அனுப்பும் சிகிச்சை இதில் சேராது. நான்கில் பலர் கோட்டைவிடுவது பதிவேட்டை. மயக்கம் கொடுத்த நேரமும் டிஸ்சார்ஜ் நேரமும் அதில் எழுதாமல் விட்டால், சிரமப்படுவது பணத்தைக் கட்டிவிட்டு கிளெய்முக்குக் காத்திருக்கும் நோயாளிதான்.