ஒரே நூலில் ஒரு வலை: ஒஜிப்வே மக்களின் ட்ரீம்கேட்சர்

கார் கண்ணாடியில் தொங்கும் ட்ரீம்கேட்சரில் (‘கனவு பிடிப்பான்’ என்று பொருள், நடுவில் வலை பின்னிய வளையம்) சாயமேற்றிய இறகும் பிளாஸ்டிக் மணியும்தான் முதலில் கண்ணில் படும். அவற்றை விடுங்கள், சூட்சுமம் முழுக்க நடுவிலிருக்கும் வலையில்தான்.

இது வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியைச் சுற்றி வாழும் ஒஜிப்வே பழங்குடியினரின் கைவேலை. அவர்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த பிரான்சஸ் டென்ஸ்மோர், 1929-இல் வெளியான தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். குழந்தையைக் கிடத்திக் கட்டும் தொட்டில் பலகையின் தலைமாட்டில் ஒரு மர வளைவு இருக்கும். அதில் சுமார் 3.5 அங்குல விட்டமுள்ள இரண்டு சிறு வளையங்கள் தொங்கும். உள்ளே சிவப்பு நூல் வலை. காற்றில் வரும் கெடுதலை, சிலந்தி வலை எதையும் சிக்க வைப்பதுபோல, இது பிடித்துவிடும் என்பது நம்பிக்கை. கவனியுங்கள், கெடுதல் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், கனவு என்றல்ல.

வளையத்துக்கு வில்லோ மரத்தின் பச்சைக் குச்சி. ஈரம் இருக்கும்வரை வளையும். காய்ந்ததும் வளைத்த வடிவத்திலேயே இறுகிவிடும். வலைக்கு அந்தக் காலத்தில் நெட்டில் செடியின் தண்டு நார். நம்மூர் காஞ்சொறி மாதிரி தொட்டால் அரிக்கும் செடிதான், ஆனால் காய்ந்த நாரில் அந்தச் சுணை இருக்காது.

நூலை வளையத்தில் கட்டி, சம இடைவெளியில் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டு வருவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் குச்சிக்கு வேலை இல்லை. அடுத்த முடிச்சுகள் முந்தைய சுற்றின் நூலிலேயே, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் விழும். இழுத்ததும் நேராக இருந்த நூல் உள்நோக்கி மடங்கும். வலையின் கண்கள் சாய்சதுரமாக விரியும். முடிச்சுகளின் எண்ணிக்கை மாறாது, சுற்றளவு மட்டும் குறையும். அதனால் உள்ளே போகப் போகக் கண்கள் சிறுத்து, நடுவில் ஒரு துளை மிஞ்சும். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு உள்ளே இழுபடுவதால்தான் வட்டம் குலையாமல் நிற்கிறது. இடைவெளி தப்பினால் கோணிக்கொள்ளும்.

உண்மையான சிலந்தி வேறு மாதிரி கட்டும். முதலில் மையத்திலிருந்து ஆரக்கால் இழைகள். பசையுள்ள சுருள் இழை கடைசியில்தான், அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. அந்தத் திசை ஒன்றுதான் இரண்டுக்கும் பொது. ட்ரீம்கேட்சரில் ஆரக்காலும் இல்லை, பசையும் இல்லை. சிலந்தி வலையில் ஓர் இழை அறுந்தால் சேதம் அந்த இடத்தோடு நிற்கும். இங்கே ஒரே நூல் என்பதால் தொய்வு பக்கத்துக் கண்களுக்கும் பரவும்.

கெடுதலைப் பிடிக்கிறதோ இல்லையோ, குழந்தைக்கு இதனால் ஒரு பலன் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். முகத்துக்கு மேலே அசையும் சிவப்பு வலை வேடிக்கை பார்க்கத் தோதானது.

கெட்ட கனவு வலையில் சிக்கி விடியல் வெளிச்சத்தில் அழியும், நல்லது நடுத்துளை வழியே இறங்கிவரும் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை. லகோட்டா என்ற இன்னொரு பழங்குடி மக்கள் சொல்வது நேர்மாறு: நல்லது வலையில் தங்கும், கெட்டது துளை வழியே போய்விடும்.

1960, 70-களில் மற்ற பழங்குடியினரும் இதைத் தங்கள் பொது அடையாளமாக ஏற்றார்கள். பிறகு ஆலைச் சரக்கு சந்தையை நிறைத்தது. பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது, 1990-இல் வந்த சட்டப்படி அமெரிக்காவில் குற்றம்.