14ஆம் நாள் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது

“எனக்குக் கருமுட்டையே வெளியாவதில்லையாம், டாக்டர்” என்று கலங்கியபடி இந்த வாரமும் ஒரு பெண் வந்தார். அவருக்கு 35 நாட்களுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறது. 21ஆம் நாளில் இரத்தம் எடுத்து, முட்டை வெளியான பின் உயரும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் குறைவு என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். குறைவாகத்தான் இருக்கும், அவருக்கு முட்டை வெளியாவதே ஏறத்தாழ அந்நாளில்தான். 28ஆம் நாள் வாக்கில் செய்திருக்க வேண்டிய பரிசோதனை அது. வெளியூரில் வேலை பார்க்கும் கணவரோ, காலண்டரில் வட்டமிட்ட 14ஆம் நாளில் மாதந்தோறும் ஊருக்கு வந்து, மறுநாளே திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

முட்டை வெளியாவது 14ஆம் நாளில் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு, அதிலும் தோராயம்தான். முட்டை வெளியானதிலிருந்து அடுத்த விலக்கு வரையிலான பின்பாதி பெரும்பாலோருக்கு 12 முதல் 14 நாள் இருக்கும். நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். முட்டையைத் தாங்கி வளரும் சிறு பையான நுண்ணறை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உயர்ந்து, ஏறத்தாழ இரண்டு நாள் அந்நிலையில் நீடித்த பிறகே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோனை மிகுதியாக வெளிவிடுகிறது. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவருகிறது. நுண்ணறை முதிராதவரை காலண்டருக்கு இதில் வேலையே இல்லை. முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் கருப்பையின் உட்சுவரைக் கரு பதிவதற்கு ஆயத்தப்படுத்துகிறது; கரு பதியாவிட்டால் அந்த ஹார்மோன் குறைந்து விலக்கு வருகிறது.

இரத்தப்போக்கு தொடங்கிய நாளே முதல் நாள். தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்து எண்ணாதீர்கள். வெளியான முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணுவோ உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். எனவே, விலக்கு முடிந்த பின் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும், ஒற்றை நாளைக் குறிவைக்க வேண்டியதில்லை. சுழற்சியின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக இழுபடும் கசிவு, அரிப்போ துர்நாற்றமோ இல்லாதபோது நோயன்று. அதற்காக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வீட்டில் செய்யும் எல்.எச். சோதனை பொய்யாகவும் ‘பாசிட்டிவ்’ காட்டலாம். பிறருக்கு எழுதிக்கொடுத்த முட்டை வளர்ச்சி மாத்திரையை ஒருபோதும் தொடாதீர்கள். குழந்தைக்கு முயலும்போதே, மருத்துவர் வேறு அளவு சொல்லாதிருந்தால், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்குங்கள்.

35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டும், அதைக் கடந்தவர்கள் ஆறு மாதமும் முயன்று பார்த்துவிட்டு வரலாம். விலக்கு ஒழுங்கில்லாதவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும்போது தயவுசெய்து கணவரையும் அழைத்து வாருங்கள். மனைவிக்கு ஊசியும் ஸ்கேனும் எனத் தொடங்கும் முன்பே அவருடைய விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.